"லினக்ஸ்ல வராதுக்கா"

மாடி ஜன்னல் வழியாக ஃபைபர் நெட் ஒயர் உள்ளே வந்தபோது செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி. ஆறரைக்கு எனக்கு வகுப்பு. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல், பதினொரு பிள்ளைகள், எல்லாம் வீடியோவில்தான். கோவில்பட்டிக்குள்ளேயே வீடு மாறி நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த நான்கு நாளும் மொபைல் டேட்டாவில் ஓட்டினேன். தினமும் வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது டேட்டா தீர்ந்துபோகும். அதனால் ஃபைபர்க்காரத் தம்பி படியேறி வந்ததும் மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிப்பதுபோலக் கவனித்தேன்.

அவர் வேலை பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கறுப்பு ஒயரின் தோலை உரித்தால் உள்ளே தலைமுடி கனத்தில் ஓர் இழை. அதை ஸ்பிரிட்டில் துடைத்து, ஒரு சின்னக் கருவியில் வைத்து டக்கென்று வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினுக்குள் வைத்து மூடினார். மெஷின் திரையில் இரண்டு முனைகளும் கரும்புத் துண்டு மாதிரி பெரிதாகத் தெரிந்தன. தானாகவே நகர்ந்து நேருக்கு நேர் வந்து நின்றன. ஒரு பொறி, அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டன. பச்சை மூக்கு வைத்த கனெக்டரில் மீட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, "மைனஸ் 21. சூப்பரா இருக்குக்கா. மைனஸ் 27 தாண்டிப் போனாத்தான் தகராறு" என்றார்.

தெருமுனைக் கம்பத்தில் தொங்கும் பெட்டிக்குள் ஒரு ஸ்ப்ளிட்டர் இருக்கிறதாம். ஒரே இழையில் வரும் வெளிச்சம் அங்கே 32 வீடுகளுக்குப் பிரிகிறது. பிரியப் பிரிய வெளிச்சம் மங்கும், அதைத்தான் அந்த மைனஸ் எண் சொல்கிறது. நமக்கு வரும் வெளிச்சம் 1490 நானோமீட்டர், நாம் அனுப்புவது 1310. இரண்டும் ஒரே இழையில் எதிரும் புதிருமாகப் போனாலும் முட்டிக்கொள்வதில்லை. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். நான் ஆர்வக்கோளாறில் முனையைத் தூக்கிப் பார்க்கப்போனேன், "கண்ணுகிட்ட வைக்காதீங்க" என்று பிடுங்கிக்கொண்டார்.

அந்த முனையை வீட்டு ரவுட்டர் பெட்டியில் செருகினார். வெளிச்சம் வரவில்லை என்று சிவப்பாக மின்னிக்கொண்டிருந்த எல்ஓஎஸ் லைட் அணைந்தது. பான் என்ற லைட் கொஞ்ச நேரம் கண்சிமிட்டிவிட்டுப் பச்சையில் நிலைத்து நின்றது. வழக்கமாக, பெட்டிக்குள் விவரங்களைப் போடும் மீதி வேலையை போனிலேயே முடித்துவிடுவாராம். அன்றைக்கு அவர் போன் செத்துக் கிடந்தது. "லேப்டாப் இருந்தா குடுங்கக்கா" என்றார். கொடுத்தேன். திறந்து பார்த்தவர் முகம் மாறியது.

"என்னக்கா இது, விண்டோஸ் மாதிரி இல்ல?"

"லினக்ஸ் மின்ட், தம்பி. விண்டோஸுக்குப் பதிலா இது."

"அய்யோ, லினக்ஸ்ல வராதுக்கா. நான் ஆபீஸ் லேப்டாப்ப எடுத்துக்கிட்டு சாயங்காலம் வந்து போட்டுத் தர்றேன்."

ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வரி எழுதி மேஜையில் வைத்தார்: யூசர் நேம், பாஸ்வேர்டு, விலேன் நம்பர் (கம்பெனி நெட்வொர்க்கில் நம் இணைப்பு எந்தத் தடத்தில் போகிறது என்ற எண்). டீயைக் குடித்துவிட்டு, கடலைமிட்டாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"வராது" என்ற சொல்லை நான் லேசில் நம்புவதில்லை. எங்கள் தொழில் அப்படி. எனக்குக் கணக்கு வராது என்று சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளைகளை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அதோடு, லினக்ஸில் பிராட்பேண்ட் போடுவது எனக்குப் புதிதும் இல்லை. 2009இல் பழைய டெலிபோன் லைனில் ஏடிஎஸ்எல் வாங்கியபோது, இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த என் தம்பி வீட்டு டெஸ்க்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டிருந்தான். மோடத்தை பிரிட்ஜ் மோடில் விட்டுவிட்டான். அப்படி விட்டால் மோடம் வெறும் பாலம்தான், டயல் செய்வது, பாஸ்வேர்டு சொல்வது எல்லாம் கணினியின் வேலை. அப்படிப் பெயரும் பாஸ்வேர்டும் சொல்லி இணையும் முறைக்கு பிபிபிஓஇ என்று பெயர், அதை அமைக்க பிபிபிஓஇகான்ஃப் என்று ஒரு நிரல். நீலத் திரையில் கேள்வி கேட்டுக்கொண்டே போகும், நாம் ஆமாம் போட்டுக்கொண்டே போக வேண்டும். அதில் ஒரு கேள்வி மட்டும் எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை: எம்எஸ்எஸ் அளவை (ஒரு பொட்டலத்தில் போகும் சரக்கின் உச்ச அளவை) 1452க்குள் கட்டிப்போடவா என்று கேட்கும். தம்பிதான் கணக்குப் போட்டுக் காட்டினான். ஈதர்நெட்டில் ஒரு பொட்டலத்துக்குள் 1500 பைட் போகலாம். பிபிபிஓஇ தன் உறைக்கு 8 பைட் எடுத்துக்கொள்ளும், மீதி 1492. அதில் முகவரி எழுத 40 பைட், மீதி 1452. அதைக் கட்டிப்போடாவிட்டால் சில தளங்கள் பாதி திறந்து அப்படியே நின்றுவிடும். கழித்தல் கணக்காகச் சொன்னதும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

இணைப்பைத் தொடங்க, கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலில் pon என்று மூன்றெழுத்துக் கட்டளை ஒன்று உண்டு. அந்த மூன்று எழுத்தையும் தமிழில் கூட்டிப் படித்தால் "பொன்" என்று வரும். காலையில் எழுந்ததும் பல் தேய்க்கும் முன் நான் தட்டிய பொன்னுக்கு அளவே இல்லை. இப்போது புதுப் பெட்டியில் பச்சையாக எரிகிற லைட்டுக்குக் கீழேயும் அதே மூன்று எழுத்துதான் போட்டிருக்கிறது. அர்த்தம் வேறுதான், ஆனால் பார்த்ததும் பழைய ஆளைத் தெருவில் பார்த்ததுபோல இருந்தது.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மணி மூன்றே முக்கால்.

பெட்டியோடு வந்த மஞ்சள் கேபிளை எடுத்து ஒரு முனையை லேன் 1 என்ற துளையிலும் மறு முனையை லேப்டாப்பிலும் செருகினேன். முதல் தடவை போடும்போது வைஃபையில் போடாதீர்கள், கேபிளில் போடுங்கள். வைஃபை பெயரை மாற்றிய அடுத்த நொடி நீங்கள் வெளியே நிற்பீர்கள். பழைய லேப்டாப்கள் சிலவற்றில் லினக்ஸ் போட்டதும் வைஃபை வராமல், அதற்கான டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று இழுபறியாகிவிடும். அந்த நேரத்திலும் கேபிள்தான் கைகொடுக்கும். கேபிள் இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி ஒயரில் மாட்டி டெதரிங் போடுங்கள். லினக்ஸ் அதையும் ஒரு நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும்.

பெட்டியைத் திருப்பினேன். அடியில் ஸ்டிக்கர்: 192.168.1.1, யூசர் நேம், பாஸ்வேர்டு. பிரவுசரில் அந்த எண்ணைத் தட்டினேன். சுற்றியது, சுற்றியது, இணைக்க முடியவில்லை என்று வந்தது. "லினக்ஸ்ல வராதுக்கா" என்று காதுக்குள் கேட்டது.

பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வு பொருந்தவில்லை என்றால் பிள்ளைகள் செய்கிற முதல் காரியம், முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதுவது. வேண்டாம் என்று வருடா வருடம் சொல்கிறேன். பாதியில் வெட்டு. இந்தப் பாதி சரியா என்று பார். சரியென்றால் தப்பு அந்தப் பாதியில். அதை மறுபடி பாதியாக வெட்டு. இங்கேயும் அதே வழிதான். கம்பத்திலிருந்து பெட்டி வரைக்கும் ஒரு பாதி, அது சரி, பச்சை லைட்டே சாட்சி. பெட்டியிலிருந்து என் லேப்டாப் வரைக்கும் மறுபாதி. கேபிள் செருகிய துளையில் லைட் மினுங்குகிறது, ஆக ஒயரில் தப்பில்லை. அப்படியானால் தப்பு லேப்டாப்புக்குள்.

ஒரு முகவரியில் ஆள் இருக்கிறாரா என்று கூப்பிட்டுப் பார்க்கும் கட்டளை பிங். டெர்மினலில் அதைப் போட்டு 192.168.1.1 கொடுத்தேன். பதில் வந்தது, ஆனால் பெட்டியிடமிருந்து இல்லை. "192.168.0.50இலிருந்து: டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்." யார் இந்த 50? வேறு யார், நான்தான்.

பழைய வீட்டில் பிரிண்டரைப் பக்கத்து அறை டெஸ்க்டாப்போடு பகிர்ந்துகொள்ள, இந்த லேப்டாப்புக்கு 192.168.0.50 என்று நிரந்தர முகவரி எழுதி வைத்திருந்தேன். எழுதியதையே மறந்துபோனேன். அங்கிருந்த ரவுட்டர் 192.168.0.1. இங்கே 192.168.1.1. ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் லேப்டாப்புக்கு அது வேறு தெரு. வேறு தெருவுக்குப் போக வேண்டுமென்றால் பழைய வாசல்காரர் 192.168.0.1இடம் போய் வழி கேட்க வேண்டும். அவரோ அட்டைப் பெட்டிக்குள் பழைய வினாத்தாள்களோடு கிடக்கிறார். வீடு மாறிவிட்டேனே தவிர, லேப்டாப்பின் ரேஷன் கார்டில் முகவரி மாற்றவில்லை.

இதே லேப்டாப்பில் விண்டோஸ் இருந்து, இதே முகவரி எழுதியிருந்தால், அதிலும் வந்திருக்காது. லினக்ஸ் மேல் பழி போட இடமே இல்லை. இதில் எனக்கு நிம்மதி பாதி, வெட்கம் பாதி.

திருத்துவது அரை நிமிட வேலை. கீழ்ப்பட்டையில் நெட்வொர்க் சின்னத்தை அழுத்தி, இணைப்புகளைத் திருத்தும் ஜன்னலைத் திறந்து, ஐபிவி4 என்ற தாவலில் மேனுவல் என்றிருப்பதை ஆட்டோமேட்டிக் என்று மாற்ற வேண்டும். நான் இருந்ததை மாற்றவில்லை. பழையதற்குப் "பழைய வீடு" என்று பெயர் வைத்து அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் "புது வீடு" என்று புதிதாக ஒன்று சேர்த்தேன். லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரில் ஒரே கேபிளுக்கு எத்தனை இணைப்புகளை வேண்டுமானாலும் எழுதி வைத்துக்கொள்ளலாம். பழையதை அழிக்காமல் வைத்தது ஒரு மணி நேரம் கழித்து உதவியது.

"புது வீடு" என்பதை அழுத்தியதும் லேப்டாப்புக்கு 192.168.1.2 கிடைத்தது. ஐபி ரூட் என்ற கட்டளையைத் தட்டினால் முதல் வரியில் டிஃபால்ட் என்று தொடங்கி 192.168.1.1 என்று வருகிறது. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் கிழிந்துபோன ரவுட்டரின் முகவரியையும் இந்த வரி சொல்லிவிடும்.

பக்கம் திறந்தது. பாதுகாப்பற்ற தளம் என்று பிரவுசர் பயமுறுத்தியது. நம் மேஜை மேலிருக்கும் பெட்டிதான் என்பதால் தைரியமாக உள்ளே போனேன். வெளி இணைப்புக்கான டபிள்யூஏஎன் பக்கத்தில் பிபிபிஓஇ என்பதைத் தேர்ந்து, துண்டுச் சீட்டில் இருந்த மூன்று வரியையும் அப்படியே தட்டினேன். சேமித்தேன்.

ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு.

பாஸ்வேர்டை மறுபடி தட்டினேன். சீட்டில் இருப்பது பூஜ்யமா ஓவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு மாதிரியும் போட்டுப் பார்த்தேன். ஆபீஸுக்குப் போன் போட்டேன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்." பண்ணினேன். "பத்து நிமிஷம் கழிச்சுப் பாருங்க மேடம்." பார்த்தேன். மணி நாலரை.

மறுபடி பாதியில் வெட்டுவோம். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் லைன் நிலை ஓ5 என்று இருந்தது. ஃபைபரில் ஒரு பெட்டி படிப்படியாக ஏறி, அந்தப் பக்கத்து மெஷின் ஏற்றுக்கொண்டு வேலைக்கு எடுத்துவிட்ட நிலைக்குத்தான் ஓ5 என்று பெயர். ஆக லைன் சரி. விலேன் நம்பர் தப்பென்றால் அந்தப் பக்கமிருந்து பதிலே வராமல் டைம்அவுட் என்று சொல்லியிருக்கும். இங்கே ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார், "உன்னை எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் தப்பு பெயரில் இருக்க வேண்டும், இல்லை பாஸ்வேர்டில். பாஸ்வேர்டை நான்கு விதமாகப் போட்டாயிற்று. மீதி இருப்பது பெயர்.

யூசர் நேம் நெட் கம்பெனிப் பெயரின் முதல் எழுத்துகளும் ஒரு நான்கிலக்க எண்ணும்தான். சீட்டில் 2763. முன்பணம் கட்டியதற்கு அவர்கள் கொடுத்த ரசீது பர்ஸில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். வாடிக்கையாளர் எண் 2736.

கணக்குப்பதிவியல் படித்தவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். 2763இலிருந்து 2736 போனால் 27. இருப்பாய்வில் வரும் வித்தியாசம் 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார் என்பது நாங்கள் சொல்லிக்கொடுக்கும் பழைய சூத்திரம். எந்த இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டாலும் வித்தியாசம் 9இன் மடங்காகத்தான் வரும். வித்தியாசத்தை 2ஆல் வகுத்து அந்தத் தொகையைத் தேடு, பற்றில் எழுத வேண்டியது வரவில் போயிருக்கும் என்பது அடுத்த சூத்திரம், இங்கே அதற்கு வேலை இல்லை. இருபது வருடமாக இதைக் கரும்பலகையில் எழுதுகிறேன். ஒரு ரவுட்டரில் இதற்கு வேலை வரும் என்று நினைத்ததில்லை.

2736 என்று தட்டிச் சேமித்தேன். கை எடுப்பதற்குள் இன்டர்நெட் லைட் பச்சை.

டபிள்யூஏஎன் முகவரியாக எனக்குக் கிடைத்தது 100.72 என்று தொடங்கும் எண். பார்த்ததும் புரிந்தது, இது ஊருக்குத் தெரிந்த முகவரி இல்லை. 192.168, 10 என்று தொடங்குகிற எண்களை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று 1996இலேயே ஒதுக்கிவிட்டார்கள். அதனால்தான் உங்கள் வீட்டிலும் 192.168.1.1, எங்கள் வீட்டிலும் 192.168.1.1, சண்டை இல்லை. 2012இல் 100.64 முதல் 100.127 வரை இன்னொரு தொகுப்பை நெட் கம்பெனிகளுக்கென்று ஒதுக்கினார்கள். முகவரிப் பஞ்சத்தில் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடும் ஏற்பாடு.

பங்கு போட்டால் வருகிற பதில் யார் வீட்டுக்கு என்று எப்படித் தெரியும்? பேரேடுதான். உள்ளேயிருந்து யார், எந்த வாசல் எண்ணிலிருந்து, வெளியே யாரிடம் கேட்டார்கள் என்று ரவுட்டர் ஒரு பதிவு போட்டு வைக்கிறது. பதில் வந்ததும் பேரேட்டைப் புரட்டி உரிய கணக்கில் சேர்க்கிறது. எங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு பேரேடு, கம்பெனியில் ஒரு பெரிய பேரேடு. நாம் கேட்காமல் வெளியிலிருந்து தானாக ஒன்று வந்தால் அதற்குப் பதிவே இருக்காது. நம் கணக்கில் என்றால் அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்போம். ரவுட்டர் அந்த அளவுக்குப் பொறுமைசாலி இல்லை, கீழே போட்டுவிடும். வீட்டு சிசிடிவியை வெளியூரிலிருந்து நேரடியாகத் திறக்க, வெளியிலிருந்து வருவதை இந்தக் கருவிக்கு அனுப்பு என்று சொல்லும் போர்ட் ஃபார்வர்டைப் போட்டுப் போட்டுப் பார்த்து வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள், முதலில் இந்த டபிள்யூஏஎன் முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் கம்பெனியிடம் பொது முகவரி தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், நம் பெட்டியில் என்ன போட்டாலும் நடக்காது.

நெட் வந்ததும் எல்லாரும் செய்வதுபோல நானும் அப்படியே விட்டுவிட்டு எழுந்திருப்பேன். ஆனால் பழைய வீட்டில் ஸ்டிக்கர் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டு, எதிர்வீட்டுப் பையன் எங்கள் வைஃபைக்கு என் இனிஷியலோடு பெயர் மாற்றிவைத்த கதை உண்டு. அதனால் முதலில் ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டை மாற்றினேன். பாஸ்வேர்டு தட்டாமலே வைஃபையில் சேர்த்துவிடும் டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் வசதியை அணைத்தேன். வெளியிலிருந்து ரவுட்டரைத் திறக்கும் ரிமோட் வசதி அணைந்தே இருந்தது. வைஃபைக்கு "பேரேடு" என்று பெயர் வைத்தேன்.

சேனல் விஷயத்தில் லினக்ஸில் ஒரு வசதி. நெட்வொர்க் மேனேஜரின் டெர்மினல் கருவியில் வைஃபை பட்டியல் கேட்டால், அக்கம்பக்கத்து வைஃபை ஒவ்வொன்றும் எந்த சேனலில், எவ்வளவு பலத்தில் இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிவிடும். எங்கள் தெருவில் பதிமூன்று. பாதிக்கு மேல் 6ஆம் சேனலில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனலுக்குச் சேனல் 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஒரு வைஃபை பரவுவதோ 20. அதனால் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க 1, 6, 11 என்ற மூன்றுதான் தோது. 11இல் ஒரே ஒரு வீடு, அதுவும் தூரத்தில். அங்கே போய் உட்கார்ந்தேன்.

இந்த நேரத்தில் கீழேயிருந்து மாமாவின் குரல். "ஏம்மா, நெட்டு வந்துட்டா?"

"வந்துட்டு மாமா."

"இங்க ஒண்ணையும் காங்கலையே."

கான்கிரீட் தளம். மாடியில் நான்கு கோடு காட்டும் வைஃபை, மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அரைக் கோடு. அவருடைய போனும் பழையது, 2.4 மட்டும்தான் எடுக்கும். மணி ஐந்தேகால். அட்டைப் பெட்டியைத் திறந்து, வினாத்தாள்களுக்கு அடியிலிருந்து பழைய ரவுட்டரை எடுத்தேன்.

பழைய ரவுட்டரை இரண்டாவது ஆண்டெனா மாதிரி வைப்பதில் எல்லாரும் சறுக்குவது ஒரே இடத்தில். புதுப் பெட்டியிலிருந்து கேபிளை எடுத்துப் பழைய ரவுட்டரின் தனி நிறத் துளையில், அதாவது டபிள்யூஏஎன்னில், செருகிவிடுவார்கள். அது தனக்கென்று இன்னொரு தெருவை உண்டாக்கிக்கொண்டு, இன்னொரு பேரேடு எழுத ஆரம்பித்துவிடும். நெட் என்னவோ வரும், ஆனால் மாடியில் இருக்கும் பிரிண்டர் கீழே இருப்பவர் போனுக்குத் தெரியாது. செருக வேண்டியது லேன் துளையில். அதற்கு முன்னால் பழையதன் முகவரியை மாற்ற வேண்டும், அது முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வேலையை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் ஒரே வகுப்புக்கு இரண்டு வாத்தியார் வந்து வருகைப்பதிவு எடுத்த கதைதான். ஒரு பையன் இரண்டிலும் ஆஜர், இன்னொருவன் இரண்டிலும் இல்லை.

முதலில் புதுப் பெட்டியில், 192.168.1.200 வரைக்கும் மட்டும் முகவரி கொடு என்று வரம்பு போட்டேன். அதற்கு மேலே உள்ளவை என் கைவசம். பிறகு கேபிளைப் பழைய ரவுட்டரில் செருகி, லேப்டாப்பில் "பழைய வீடு" இணைப்பை அழுத்தினேன். மத்தியானம் என்னை முட்டாளாக்கிய அதே 192.168.0.50 இப்போது நேராக 192.168.0.1இன் கதவைத் திறந்து உள்ளே விட்டது. பழையதன் முகவரியை 192.168.1.250 என்று மாற்றினேன், டிஎச்சிபியை அணைத்தேன், வைஃபைக்கு அதே "பேரேடு", அதே பாஸ்வேர்டு, சேனல் மட்டும் 1. சேமித்ததும் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. பயப்பட வேண்டாம், அது வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டது, அவ்வளவுதான்.

படிக்கட்டுக் கைப்பிடியை ஒட்டி கேபிளை இறக்கி, டேப் போட்டு ஒட்டி, லேன் துளையில் செருகினேன். "புது வீடு" இணைப்புக்கு மாறி 192.168.1.250ஐத் திறந்தேன். வந்தது. ஆறு பத்துக்கு மாமாவின் போனில் பாஸ்வேர்டு அடித்துக் கொடுத்தேன். உடனே அவர் போட்டது பழைய பட்டிமன்றம் ஒன்று, சத்தத்தைக் கூட்டி வைத்து. ஆறரைக்கு வகுப்பு தொடங்கியபோது பின்னணியில் அந்தக் கைத்தட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

ஏழரை மணிக்கு ஃபைபர்க்காரத் தம்பி வந்தார், தோளில் ஆபீஸ் லேப்டாப். நான் தேய்மானக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்று திரையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். எல்லாம் பச்சை. வகுப்பு முடியும்வரை மாமாவோடு பட்டிமன்றம் பார்த்தார்.

"எப்படிக்கா போட்டீங்க? சாஃப்ட்வேர் எதுவும் இறக்குனீங்களா?"

"பிரவுசர்தான் தம்பி."

அவர் நம்பவில்லை. பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். பொடி எழுத்தில் உரிம அறிவிப்பு: லினக்ஸ் கர்னல், பிஸிபாக்ஸ், ஜிபிஎல். முதல் இரண்டும் உள்ளே ஓடும் நிரல்கள், ஜிபிஎல் அவற்றின் உரிமம். எந்தப் பெட்டியை லினக்ஸில் போட முடியாது என்று சொன்னாரோ, அந்தப் பெட்டிக்குள்ளேயே ஓடுவது லினக்ஸ். இது இந்தப் பெட்டிக்கு மட்டுமான விசேஷம் இல்லை. 2003இல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்துக் கேள்வி கேட்க, உரிமப்படி மூல நிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதை வைத்து அடுத்த வருடம் தொடங்கியதுதான் ஓபன்டபிள்யூஆர்டி என்ற, ரவுட்டர்களுக்கான லினக்ஸ். ரவுட்டர் என்றால் பெரும்பாலும் உள்ளே லினக்ஸ்தான். தம்பி அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுக்கப் போனை எடுத்தார். போன் இன்னும் செத்துத்தான் கிடந்தது. என் போனில் எடுத்து அவருக்கு அனுப்பினேன்.

துண்டுச் சீட்டையும் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆபீஸ்ல போன்ல சொன்னாங்கக்கா, நான் மாத்தி எழுதிட்டேன் போல. இனி இப்படி ஆகாம பெட்டி மேலயே எழுதிடுறேன்." பையிலிருந்து மார்க்கரை எடுத்து, பெட்டியின் வெள்ளை முதுகில் பெரிதாக எழுதினார்: 2763.

நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரே பார்த்துவிட்டு எச்சில் தொட்டு அழிக்கப் போனார். அழிக்காதீங்க தம்பி, கணக்கில் தப்பை அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டு மேலே சரியானதை எழுதணும் என்றேன். கோடு போட்டார். மேலே 2736 என்று எழுதி, ஒருமுறை வாய்விட்டுப் படித்து, ரசீதோடு ஒத்துப்பார்த்துவிட்டு மார்க்கரை மூடினார்.